மாதிரிச் செவி

வலி வலது தோளில் ஆரம்பிக்கும். கழுத்து நரம்பைப் பிடித்து ஏறி, காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் வந்து உட்காரும். இருபத்திரண்டு வருடம் சிமெண்ட் மூட்டையை அதே தோளில் சுமந்ததில் என் தலை இடது பக்கம் சாய்ந்தே நின்றுவிட்டது. கண்ணாடியில் பார்த்தால், யாரோ கூப்பிட்டதற்குக் காது கொடுக்கிற ஆள் மாதிரி இருப்பேன். யாரும் கூப்பிடவில்லை. மூட்டையை இறக்கிய பிறகும் மூட்டையின் இடம் அங்கேயே இருக்கிறது, அவ்வளவுதான்.

அன்றைக்கும் வேலை முடிந்து வந்து, சுவரில் முதுகை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரி ஒரு நீளமான உறையை நீட்டினாள். மேலே ‘தனிச்செவிக் கேட்பி ஒப்பீட்டு வாரியம்’ என்று அச்சடித்திருந்தது.

என் அக்கா ஏழு வருடம் தரை துடைத்த இடம் அது.

மேடையில் பாடுகிறவர்கள் காதில் ஒன்று செருகிக்கொண்டு நிற்பார்களே, இன்-இயர் என்று, அதற்குத்தான் வாரியத்தின் பாஷையில் தனிச்செவிக் கேட்பி என்று பெயர். கடையில் தொங்குகிற இயர்போன் இல்லை. ஒரு ஆளின் காதுக்குள் பசையை விட்டு, அது இறுகியதும் அச்செடுத்து, அந்த ஒரு காதுக்கென்றே வார்ப்பது. பல்செட்டு மாதிரி. இன்னொருவருக்கு ஆகாது. இப்படிச் செய்து விற்கிற கம்பெனிகளில் எவனுடைய கருவியில் சத்தம் நன்றாக இருக்கிறது என்று ஒப்பிட்டு வரிசை எண் போடுவதற்கு ஒரு வாரியம், மூன்று மாடிக் கட்டடம், நாற்பத்தாறு பேர்.

ஒப்பிட வேண்டுமென்றால் எல்லாவற்றையும் ஒரே காது கேட்க வேண்டும். ஒரே காது கேட்க வேண்டுமென்றால் எல்லாக் கருவியையும் அந்தக் காதுக்கே செய்ய வேண்டும். யாருடைய காது? இதைப் பேசித் தீர்க்க வாரியம் பதினான்கு கூட்டம் போட்டதாம். தலைவர் காதில் முடி அதிகம். செயலாளரம்மாவுக்கு ஒரு பக்கக் காது மந்தம். கணக்குப் பார்ப்பவர், காதுக்குள் ஒரு துரும்புகூடப் போகக் கூடாது என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வைத்திருந்தார். பதினான்காவது கூட்டத்தில், மேசைக்கு அடியில் துடைத்துக்கொண்டிருந்த அக்காவைத் தலைவர் நிமிரச் சொன்னார். இரண்டு பக்கமும் திரும்பச் சொன்னார். ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அன்றிலிருந்து அவள் மாதிரிச் செவி. துடைப்பமும் அவளிடமே இருந்தது.

பதினொரு கம்பெனிகள் அவள் காதுக்கு அளவாகப் பதினொரு ஜோடி செய்து அனுப்பினார்கள். அவை வந்து சேர்வதற்குள் அக்கா இறந்துவிட்டாள். அச்செடுத்த ராத்திரியே ஜுரம். ஒன்பது நாள். தலைக்கு ஏறிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

கடிதத்தை வீட்டுக்காரி சத்தமாகப் படித்தாள். “‘மாதிரிச் செவி கடந்த பதினொரு மாதங்களாகப் பணிக்கு வராததால் ஒப்பீடு தடைப்பட்டுள்ளது. உடன்பிறந்தவரின் செவி ஒத்த வடிவம் கொண்டிருக்கக்கூடும் என வாரியம் கருதுவதால், தாங்கள் தங்கள் இரு செவிகளுடன் நேரில் வரவும்.’ ரெண்டு காதோடயும் வரணுமாம். நீ ஒண்ண வீட்ல கழட்டி வச்சிட்டுப் போயிடுவியோன்னு பயம் போல.”

“தூக்கிப் போடு. ஒரு நாள் கூலி போயிடும்.”

“இரு, இன்னும் ஒரு வரி இருக்கு. ‘ஒப்பீட்டுக்கு மாதிரிச் செவியின் சொந்தக் குரல் பதிவே பயன்படுத்தப்படும்.’”

அதுவரை மூலையில் நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்த வாலு எழுந்து வந்தாள். அக்காவின் மகள். பத்து வயது. அக்கா போனதிலிருந்து எங்களோடுதான் இருக்கிறாள்.

“குரல் பதிவுன்னா அம்மா பேசினதா மாமா?”

நான் வீட்டுக்காரியைப் பார்த்தேன். அவள் கடிதத்தைப் பார்த்தாள். இரண்டு மாதத்துக்கு முன்னால், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாலு திடீரென்று சொன்னாள்: “அம்மா மூஞ்சி வருது மாமா. வாய் அசையுது. சத்தம் மட்டும் வரல.” அக்கா வைத்திருந்தது பட்டன் போன். அதில் பேசலாம், பேசியதைப் பிடித்து வைக்க முடியாது. இரண்டு போட்டோ இருக்கிறது. குரல் ஒரு விநாடிகூட இல்லை.

“காதுல அவங்க கடப்பாரையச் சொருகினாலும் சொருகட்டும்,” என்றாள் வீட்டுக்காரி. “அந்தக் குரல வாங்காம வீட்டுக்கு வராத.”

வாரியத்தின் வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி, கம்பளித் துணியில் தைத்த உறை இரண்டைக் கொடுத்தார்கள். காலில் மாட்டிக்கொண்டு நடந்தால் சத்தம் வராது. நாற்பத்தாறு பேரும் அப்படித்தான் நடக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும்வரை ஆள் வருவதே தெரிவதில்லை. ஒவ்வொரு முறையும் தூக்கிவாரிப்போட்டது. சுவரெல்லாம் பஞ்சணை போட்டு மூடியிருந்தார்கள். என் மூச்சு எனக்கே கேட்டது. கொஞ்சம் உள்ளே போனதும், என் மூச்சுக்குப் பக்கத்தில் இன்னொரு மூச்சு கேட்கிற மாதிரி இருந்தது.

நடைபாதையில் ஒரு சட்டம் மாட்டிய பாராட்டுத் தாள் தொங்கியது. பசை இறுகும் நேரத்திலேயே குரல் பதிவையும் முடித்து, அரை நாளை மிச்சப்படுத்தியதற்காக, வாரியம் வாரியத்துக்கு வழங்கியது.

எழுத்தர் பதிவேட்டைத் திறந்தார். அக்காவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘செவி-1’ என்று இருந்தது. அதற்கு நேரே பதினொரு மாதத்துக்கும் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கேள்விக்குறி.

“லீவ் லெட்டர் தரல இவங்க,” என்றார்.

“செத்துட்டாங்க சார்.”

“அது தெரியும். நான்தான் மாலை வாங்கிட்டு வந்தேன். லெட்டர் தரலைங்கறேன்.”

“செத்தவங்க எப்படி சார் தருவாங்க?”

“சாகறதுக்கு முன்னாடி ஒன்பது நாள் படுத்திருந்தாங்கல்ல?” என்றார் எழுத்தர். அவருக்குக் கோபமில்லை. உண்மையாகவே யோசித்துக் கேட்டார். “சரி விடுங்க. நீங்க ‘செவி-1, தொடர்ச்சி’ன்னு கையெழுத்துப் போடுங்க.”

அமைதி அறை என்பது ஒரு லாரியின் உள்பக்கம் அளவுக்கு இருந்தது. நடுவில் நாற்காலி. நாற்காலிக்கு மேலே நேர்த்தலைச் சட்டம் என்று ஒன்று. இரும்பு வளையம், இரண்டு பக்கமும் ரப்பர் கட்டை, பின்னால் ஒரு திருகு. தலைவர் வந்தார். மெலிந்த, சுத்தமான மனிதர். குரல் தாழ்ந்து, பக்கத்திலிருப்பவர் குனிந்து கேட்க வேண்டிய அளவில் இருந்தது. அப்படி எல்லோரும் குனிவது அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

“தலை பதினொரு டிகிரி சாஞ்சிருக்கே.”

“மூட்டை தூக்குறேன் சார்.”

“அப்ப மாத்தி மாத்தித் தூக்கியிருக்கணும். ஒலி நேராத்தான் வரும் தம்பி. நாமதான் அதுக்கு நேரா நிக்கணும்.” திருகைத் திருப்பச் சொன்னார். இருபத்திரண்டு வருடத்தை அரை நிமிடத்தில் நிமிர்த்தினார்கள். கண்ணில் தண்ணீர் வந்தது. எழுத்தர் அதைக் குறித்துக்கொண்டார்.

கருவிகளைக் கொண்டுவந்தவருக்கு அங்கே பஞ்சு என்று பெயர். காது அச்செடுக்கிறவர். சட்டைப் பை இரண்டும், பேண்ட் பை இரண்டும் பஞ்சால் உப்பியிருந்தன. நடந்தால் பையிலிருந்து ஒன்றிரண்டு இழை பறக்கும். முதல் ஜோடியை என் காதில் வைத்துப் பார்த்தார். வலது காதில் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. எனக்கும் அக்காவுக்கும் அப்பாவின் காது. இடது காதில் நுழையவில்லை.

“ஒரு நூல் அளவு இடிக்குது சார்,” என்றார் பஞ்சு. “கருவிய லேசா ராவினா போதும்.”

“கருவியில கை வைக்கக் கூடாது. அது சான்றுப் பொருள்,” என்றார் தலைவர். “காது சான்றுப் பொருள் இல்ல.”

எண்ணெய் போட்டுத் தள்ளினார்கள். காதுக்குள் எதுவோ மடங்கியது. அதற்குப் பிறகு வெளிச்சத்தம் முழுக்க நின்றுபோனது. தண்ணீரில் முங்கியது மாதிரி.

“விதி ஒன்று,” என்றாள் அக்கா.

என் தலைக்குள் சொன்னாள். திரும்பப் பார்த்தேன், சட்டம் விடவில்லை.

பாட்டு வாங்கிப் போட்டால் செலவு என்று, வாரியத்தின் முப்பத்துநான்கு விதிகளையும் அவளையே படிக்கவைத்துப் பதிவு செய்திருந்தார்கள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். எழுத்தின் அடியில் விரல் வைத்துப் படிப்பது குரலிலேயே தெரிந்தது. “விதி ஒன்பது. அமைதி அறைக்குள் இரும நேருபவர், தம் இருமலை எழுத்துமூலம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.” ஒரு விதி முடிந்ததும் ஒரு மூச்சு. எச்சில் விழுங்குவாள். பிறகு அடுத்த விதி. சின்ன வயதில் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போதும் இப்படித்தான் விழுங்குவாள்.

“சொல்லு,” என்றேன் என்னை அறியாமல்.

எழுத்தர் கையை உயர்த்தினார். செவி பதில் பேசக் கூடாதாம். அதுவும் ஒரு விதியாக இருந்தது, அக்காவே பிறகு படித்தாள்.

ஒவ்வொரு ஜோடிக்கும் முப்பத்துநான்கு விதிகள். நான் என்ன கேட்டேன் என்று சொல்ல வேண்டும். எழுத்தர் எழுதிக்கொள்வார். வாரியம் அனுமதித்த வார்த்தைகள் மூன்று: தெளிவு, இதம், அகலம்.

“இதுல அக்கா வாசல்ல நின்னு பேசுது சார். உள்ள வரமாட்டேங்குது.”

“அகலம்,” என்று எழுதினார்.

இரண்டாவதில் அவள் காலி சிமெண்ட் தொட்டிக்குள் இறங்கி நின்று படித்தாள். மூன்றாவதில் வேறு யாரோ மாதிரி குழைந்தாள்.

“இது அக்கா இல்ல சார். அக்காவ வேலைக்கு வச்சிருந்த வீட்டம்மா.”

“இதம்.”

நான்காவதில் அவளுக்குச் சளி பிடித்திருந்தது. ஐந்தாவதில் குரல் தளர்ந்து, பல் போன வாய் மாதிரி, கிழவியாகக் கேட்டாள். அறுபது, எழுபது வயதில் அக்கா எப்படிப் பேசியிருப்பாளோ அப்படி. நாற்பத்தொன்றில் போனவளுக்கு இந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், “வயசாயிடுச்சு சார்,” என்றேன்.

“யாருக்கு?”

“அக்காவுக்கு.”

எழுத்தர் தலைவரைப் பார்த்தார். தலைவர், “தெளிவு,” என்றார்.

ஆறாவதில் அவள் உதடு என் காதில் பட்டது. பட்டது என்றுதான் சொல்ல முடியும்.

எந்த ஜோடியிலும் ஒரு இடம் மட்டும் ஒரே மாதிரி இருந்தது. முப்பத்தொன்றாவது விதிக்குப் பிறகு நான்கு விநாடி ஒன்றுமே கேட்காது. பிறகு முப்பத்திரண்டு. பக்கம் திருப்பியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழாவது ஜோடிக்கு நல்ல பெட்டிகூட இல்லை. யாரோ சின்னப் பட்டறைக்காரர் செய்தது, மாத்திரை டப்பாவில் வந்திருந்தது. பஞ்சு அதைக் காதில் வைத்ததும் எனக்குத் தோள்வலி மறந்துபோனது. அக்கா எங்கேயும் நிற்கவில்லை. தொட்டியும் இல்லை, வாசலும் இல்லை. அவள் இருந்தாள், அவ்வளவுதான். நாற்காலியின் கால் கிறீச்சிட்டது. வளையல் மேசையில் இடித்தது.

“விதி முப்பத்தொன்று. வாரியத்தின் செவியில் விழாத ஒலி, ஒலியாகக் கருதப்பட மாட்டாது.”

மூச்சு. பிறகு, வாயைத் திருப்பி, மெதுவாக:

“காது வலிக்குது சார். இடது காது. எடுத்துடட்டுமா?”

ஒரு ஆண் குரல், தாழ்ந்த குரல், தூரத்திலிருந்து: “படிம்மா. இன்னும் மூணு விதிதானே.”

அக்கா எச்சில் விழுங்கினாள். “விதி முப்பத்திரண்டு.”

நான் கையைத் தூக்கினேன். சட்டத்தைக் கழற்றச் சொன்னேன். எழுந்து நின்றேன்.

“இதுல அக்கா காது வலிக்குதுன்னு சொல்லுது சார். யாரோ ஒரு ஆள் அதுக்குப் பதில் சொல்றார்.”

பதிலில் இருந்த வார்த்தைகளை நான் சொல்லவில்லை. நாக்கில் வரவில்லை.

எழுத்தர் பேனாவை வைத்துவிட்டார். “அது எந்த வார்த்தையில வரும் சார்? தெளிவா, இதமா?”

அவசரக் கூட்டம் கூட்டினார்கள். ஏழாவது ஜோடியைத் தட்டில் வைத்துச் சுற்றிலும் கொடுத்தார்கள். தலைவர் காதில் அது நுழையவில்லை. காதுக்கு வெளியே, கடையில் தேங்காயை ஆட்டிப் பார்க்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, “எனக்கு ஒன்றும் விழவில்லை,” என்றார். அது பதிவானது. செயலாளரம்மா தன் மந்தமான பக்கத்தில் வைத்துப் பார்த்து, முழுமனதோடு ஆமோதித்தார். கணக்குப் பார்ப்பவர் டாக்டர் சான்றைக் காட்டினார். வாரியத்தில் யாருக்கும் கேட்காத சத்தம் ஒருவனுக்குக் கேட்டது எப்படி என்று ஆராய ஒரு துணைக்குழு அமைத்துவிட்டு, என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள்.

பின்பக்கம் கருவிகளைக் கழுவுகிற தொட்டி இருந்தது. பஞ்சு ஏழாவது ஜோடியிலிருந்து என் காது அழுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. தொட்டியோடு பேசினார்.

“பதினொரு கம்பெனியும் ஆளுக்கொரு அச்சு வேணும்னாங்க. ஒரே நாள்ல பதினொரு தடவ. பசை விடறதுக்கு முன்னாடி, நூல் கட்டின பஞ்ச காதுக்குள்ள வச்சு அணை கட்டணும். அதத் தாண்டிப் பசை போயிடக் கூடாது. பத்து தடவ வச்சேன்.”

“பதினொண்ணாவது?”

“பஞ்சு தீந்துபோச்சு.”

“வாங்கியிருக்கலாமே அண்ணே. நாலு காசு சமாச்சாரம்.”

“வாங்க மூணு கையெழுத்து வேணும். அன்னைக்கு ரெண்டு பேருதான் இருந்தாங்க.” அவர் சட்டைப் பையில் கையை விட்டு ஒரு பிடி பஞ்சை எடுத்து, பார்த்துவிட்டு, திரும்ப உள்ளே திணித்தார். “வாய் அசைஞ்சாத்தான் பாடுறவங்க காதுக்கு அச்சு சரியா வரும். அதனால பசை இறுகற வரைக்கும் படிக்கச் சொல்வாங்க. பதினொண்ணாவது தடவதான் தப்பில்லாம படிச்சிச்சு உங்க அக்கா. அதையே வச்சுக்கிட்டாங்க.”

“வலிக்குதுன்னு சொல்லியிருக்காளே. அதுக்கு அவர் சொன்ன பதில்…”

“ரெண்டு காதுலயும் பசைப்பா,” என்றார் பஞ்சு. இப்போதுதான் நிமிர்ந்தார். “பதில் அதுக்குக் கேட்டே இருக்காது. அவர் கையக் காட்டினாரு, அது படிச்சிச்சு.”

தொட்டியில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. நிறுத்த வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

தலைவர் அறைக்குக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து நின்று, எனக்கு நாற்காலியைக் காட்டினார். மூட்டை தூக்குகிறவனுக்கு எதிரில் பெரிய மனிதர் எழுந்து நின்றால் ஏதோ எழுதி வாங்கப் போகிறார் என்று அர்த்தம்.

“தம்பி, உங்க துக்கம் எங்க துக்கம். இந்த வாரியம் ஏன் இருக்குன்னு நினைக்கிறீங்க? ஜனங்க கண்டதையும் கேக்காம இருக்கறதுக்கு. ஒவ்வொருத்தனும் எனக்கு இது கேட்டுது, எனக்கு அது கேட்டுதுன்னு கிளம்பினா ஒப்பீடு எப்படி நடக்கும்? கேக்கறதுக்கு ஒரு ஒழுங்கு வேணும். இருபத்தாறு வருஷமா நான் என் சொந்தக் காதால ஒரு கருவியக்கூடக் கேட்டதில்ல. கேட்டா சார்பு வந்துடும். அவ்வளவு நேர்மையா நடத்தின இடம் இது.”

“சரிங்க சார்.”

“அந்த அம்மா எங்க சொத்து. அவங்களுக்கு ஒண்ணுன்னா நான் பாத்துக்கிட்டு இருப்பேனா? வலிக்குதுன்னு ஒரு பொம்பள சொன்னா, ‘படிம்மா, இன்னும் மூணு விதிதானே’ன்னு சொல்ற ஆளா நான்?”

அறையில் பஞ்சணை இருந்தது. அந்த வார்த்தைகள் போய் முட்டுவதற்குச் சுவர் இல்லை. அப்படியே நின்றன.

“நான் அதச் சொல்லவே இல்லையே சார்,” என்றேன்.

எழுத்தர் பேனாவோடு தலைவரைப் பார்த்தார். “இத எழுதவா சார்?”

“விதி முப்பத்தொண்ணு,” என்றார் தலைவர், இன்னும் தாழ்ந்த குரலில். நானும் எழுத்தரும் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

பிறகு ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். ‘எண் ஏழு, பதிவில் இல்லாத ஒலியை உண்டாக்குகிறது. தரவரிசை: பதினொன்று.’ கீழே செவியின் கையெழுத்துக்கு இடம். கையெழுத்துப் போட்டால் ஒப்பீடு முடிந்ததாகும். முடிந்தால் குரல் பதிவு சான்றுப் பொருளாக இருக்காது, குடும்பத்துக்குப் பிரதி தரலாம். போடாவிட்டால் ஒப்பீடு நிலுவை. நிலுவையில் இருக்கும் பதிவைப் பெட்டியில் வைத்து அரக்கு முத்திரை வைப்பார்கள். அடுத்த வாரியம் அமைந்த பிறகு அவர்கள் முடிவு செய்வார்கள்.

“எத்தனை நாள் ஆகும் சார்?”

“போன வாரியத்துக்கும் இந்த வாரியத்துக்கும் நடுவுல ஆறு வருஷம் ஆச்சு.”

ஆறு வருடத்தில் வாலுவுக்குப் பதினாறு. அதற்குள் முகத்தில் வாய் அசைவதும் நின்றுபோயிருக்கும்.

பெயர்கூடத் தெரியாத ஒரு பட்டறைக்காரன், மாத்திரை டப்பாவில் வைத்து, என் அக்காவை அப்படியே அனுப்பியிருந்தான். அவன் வேலை கெட்டது என்று நான் கையெழுத்துப் போட்டேன். அக்கா வலிக்கிறது என்று சொன்னதே இல்லை என்றும்தான் அதற்கு அர்த்தம். தெரிந்தேதான் போட்டேன். தோளிலிருந்து மூட்டையை நழுவவிடுகிற மாதிரி இருந்தது. கீழே யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் விடுகிற மாதிரி.

மீதி நான்கு ஜோடியையும் முறைப்படி கேட்கவைத்தார்கள். எட்டாவதில் முப்பத்தொன்றுக்குப் பிறகு நான்கு விநாடி ஒன்றும் இல்லை. ஆனால் எனக்குக் கேட்டது. ஒன்பதிலும் கேட்டது. பத்திலும், பதினொன்றிலும். எழுத்தர் மூன்று வார்த்தைகளில் ஒன்றை அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

கிளம்பும்போது எழுத்தர் வாசல் வரை வந்தார். கம்பளிக் காலோடு வந்ததால் காதருகில் பேசும்வரை தெரியவில்லை.

“உங்க இடது காது ஒரு நூல் விலகியிருக்கு. அடுத்த வருஷம் வேற காது பாக்கச் சொல்றார் தலைவர். அவங்களுக்கு ஒரு பொண்ணு இருக்குல்ல? அம்மா காதா?”

“இல்ல சார்,” என்றேன். “அப்பா காது.”

அவர் எழுதிக்கொண்டார். வாலு காதைப் பார்த்தால் யாருக்கும் அக்கா ஞாபகம்தான் வரும்.

பஞ்சுதான் பிரதி எடுத்துக் கொடுத்தார். சின்ன மெமரி கார்டு, பஞ்சில் சுற்றி, நூல் போட்டுக் கட்டியிருந்தது. “கேக்க வசதியா இருக்கட்டும்னு காலியா இருந்த ஒரு இடத்த எடுத்துடச் சொன்னாரு தலைவர். எடுத்துட்டேன்,” என்றார். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. அவரும் நிற்கவில்லை.

வீட்டில் கார்டைப் போனில் போட்டதும் வாலு போனைத் தரையில் வைத்து, அதற்கு முன்னால் குப்புறப் படுத்துக்கொண்டாள். “விதி ஒன்று,” என்றாள் அக்கா. வாலு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வீட்டுக்காரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். இருமலுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்கணும் என்று அக்கா படித்தபோது வாலு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். மறுபடி போடு என்றாள். மறுபடி போட்டோம்.

“அம்மா எச்சில் முழுங்குது பாரு அத்தை,” என்றாள்.

ஒரு வாரத்தில் முப்பத்துநான்கு விதியும் அவளுக்கு மனப்பாடம். குளிக்கும்போது, ஜடை பின்னும்போது, அக்காவின் ஏற்ற இறக்கத்திலேயே சொல்வாள். வேலையிலிருந்து வந்து சுவரில் சாய்ந்து கண்ணை மூடினால், பேசுவது தாயா மகளா என்று தெரியாது. ஒரு நாள் ஓட்டு எண்ணுகிறவள் மாதிரி நோட்டில் கோடு கோடாகப் போட்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

“மாமா, முப்பத்துநாலு விதின்னா நடுவுல முப்பத்துமூணு தடவ மூச்சு விடணும். அம்மா முப்பத்திரெண்டு தடவதான் விடுது. முப்பத்தொண்ணு முடிஞ்சதும் உடனே முப்பத்திரெண்டு வந்துடுது. அங்க மட்டும் ஏன் மூச்சே விடல?”

“வேகமா படிச்சிருக்கும்.”

“அம்மாவுக்கு வேகமா படிக்க வராதே.”

வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும், அன்றைக்கே சொல்லிவிட்டேன். ஆனால் வாலுவிடம் இது நான் சொல்ல வேண்டியது.

“பெரியவளானதும் சொல்றேன்,” என்றேன்.

“அப்ப ஏதோ இருக்கு,” என்றாள் வாலு. கோட்டை எண்ணுவதை நிறுத்திவிட்டு, தலையை லேசாகச் சாய்த்து என்னையே பார்த்தாள்.

அவளுடைய அம்மா வலிக்கிறது என்று சொன்ன நான்கு விநாடியை நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். அதை வாலுவுக்குத் தர வேண்டியவன் நான். இன்னும் தரவில்லை.